ஊதா

மண்டூர்த் துறையில் பாதை ஏறியபோது
கடதாசிப் பெட்டிக்குள் ஏழும்
ஒரே உடம்பாய்க் கிடந்தன.
தாராக் குஞ்சா அக்கா என்றான்
மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.
வாத்து என்றேன். நம்பவில்லை.
மஞ்சளாய்ப் பொரித்ததெல்லாம் அவனுக்குத் தாரா.
வாவி நடுவில் பாதை ஒருமுறை சரிய
ஏழும் ஒரே மூலைக்குச் சறுக்கி
ஒரே குரலில் கத்தின.

குருமண்வெளியில்
குளியலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில்
நாலுக்கு நாலு வலைக்கூடு, ஒரு மின்குமிழ்,
தவிட்டில் பிசைந்த கோழித்தீன்.
வெளியே கச்சான் அடித்து
வரம்புப் புல்லெல்லாம் கயிறாகிவிட்டது.
பின்னேரம் கந்தோர் விட்டு வந்து
செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்ப்பேன்:
ஒன்றன் முதுகில் ஒன்று சொண்டை நுழைத்து
மெதுவாய், மிக மெதுவாய்,
பேன் பார்ப்பதுபோல.
பாசம் என்றுதான் நினைத்தேன்.
வீடியோ எடுத்துக் கட்டாரில் இருக்கும் றஜிதாவுக்கு அனுப்ப
அவள் இதயங்களாய் அனுப்பினாள்.

நாலாம் கிழமை
கடைசியாய்ப் பொரித்ததின் முதுகில்
பஞ்சு இல்லை. தோல்.
தோலில் வரிசையாய் இறகுக் குருத்து,
உள்ளே இரத்தம் நிற்கும் பச்சைக் குருத்து,
பாதியில் கடிபட்டுக் கசிந்தபடி.
அது எதிர்க்கவும் இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு நின்றது
தலை வாரக் கொடுத்த பிள்ளையைப்போல.

யார் செய்தது?
பெரிய சொண்டு
காலில் சிவப்பு நூல் கட்டியவனுக்கு.
வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.
வந்த பெட்டிக்குள்ளேயே அவனைப் போட்டு
குசினிக் கதவைச் சாத்தினேன்.
காயத்துக்கு ஊதா மருந்து.
பஞ்சு தேடிக் காணாமல் விரலாலேயே பூசினேன்.
இரவு முழுக்கக் குசினியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.
கூட்டிலிருந்து ஆறு குரல் பதில் சொன்னது.
இருட்டில் கிடந்து எண்ணினேன்,
நூற்றுப் பத்தில் விட்டுவிட்டேன்.

விடிய டோர்ச் அடித்துப் பார்த்தால்
ஐந்து சொண்டும் ஊதா.
ஐந்தும்.
ஓரத்தில் நின்ற அந்த ஆறாவது,
நான் பரிதாபப்பட்டது,
கழுத்தை வளைத்துத் தன் முதுகைத் தானே
மென்றுகொண்டிருந்தது. அதன் சொண்டுதான்
எல்லாவற்றிலும் கடும் ஊதா.

குசினிக்கு ஓடினேன்.
சிவப்பு நூல்காரனின் சொண்டு சுத்தம்.
நெஞ்சில் ஒரு குற்றிக் காசளவு வெறும் தோல்.
பெட்டியின் அடியில் மஞ்சள் பஞ்சு.
ஒரே இரவில்.

குஞ்சு தந்த மண்டூர்ச் சாமித்தம்பிக்குப் போன் எடுத்தேன்.
நித்திரைக் குரலில் அவர் கேட்டது ஒன்றுதான்:
சொண்டுக்கு என்ன வேலை குடுத்து வெச்சிரிக்கிங்க?

வலையை மதில் முடியும் வரை அவிழ்த்தேன்.
கங்குன் கட்டொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டேன்,
அரைக் கோவா, ஒரு பழைய கயிற்று நுனி.
உடுப்புத் தோய்க்கும் பேசினில் தண்ணீர்.
அவனையும் கொண்டுவந்து விட்டேன்.
முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பயந்து பார்த்தன.
மறுகா ஒன்று பேசினுக்குள் விழுந்தது,
விழுந்ததோ குதித்ததோ,
ஏழும் இறங்கி அடித்த அடியில்
தண்ணீர் வெளிர் ஊதாவாகி என் சாரியில் தெறித்தது.
கங்குன் தண்டை இழுத்து, விட்டு, இழுத்து
அரை மணி நேரம்
ஒன்றை ஒன்று மறந்திருந்தன.
பிறகு ஒன்று
இன்னொன்றின் வாலில் சொண்டை வைத்தது.
தட்டிவிட்டேன்.
திரும்ப வைத்தது.

எட்டரைக்குத் தபால் கந்தோர்.
உதவிப்பணம் எடுக்க முதல் ஆளாய் வந்த வள்ளிப்பிள்ளை
கண்ணாடித் துவாரத்தால் குனிந்து பார்த்தாள்:
என்னகா இது, சொண்டெல்லாம் ஊதாவா இரிக்கி?

பத்து விரலையும் மடித்து
மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு
சீல் மை என்றேன்.